அந்தலூஸ் அரசவைக் கவிதைகள்: வாசிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இடைக்கால ஸ்பெயின் என்றதும் ஒரு பக்கம் பிறை, மறுபக்கம் சிலுவை, நடுவில் வாள் என்ற படம்தான் பலர் மனதில் வருகிறது. அந்தப் படத்தோடு அக்காலக் கவிதைகளைத் தொட்டால் முதல் வரியிலேயே வழி தப்பிவிடும்.

ஸ்பெயினில் முஸ்லிம்கள் ஆண்ட பகுதிதான் அந்தலூஸ். 1031இல் கோர்டோபா நகரின் கலீஃபா ஆட்சி முடிந்தபின் அது பல சிற்றரசுகளாக உடைந்தது. தாயிஃபா என்று அவற்றுக்குப் பெயர். ஒவ்வொன்றுக்கும் முதல் எதிரி பக்கத்து முஸ்லிம் அரசுதான். அவற்றில் ஒன்றான செவில்யாவின் மன்னர்கள் கிறிஸ்தவ மன்னர் ஆறாம் அல்ஃபோன்சோவுக்குக் கப்பம் கட்டினார்கள். காஸ்தில் என்ற கிறிஸ்தவ நாட்டின் வீரர் எல் சித், அதே அல்ஃபோன்சோவால் விரட்டப்பட்டபின் சரகோசாவின் முஸ்லிம் அரசருக்காகப் படை நடத்தினார். ஆகவே கவிஞர் எந்த மதம் என்ற கேள்வியைத் தள்ளி வையுங்கள். யாரிடம் சம்பளம் வாங்கினார், அவருடைய எஜமானர் அப்போது யாருக்குப் பயந்துகொண்டிருந்தார் என்று கேளுங்கள்.

கிரனாடா என்ற சிற்றரசைப் பாருங்கள். வட ஆப்பிரிக்கப் பெர்பர் இனத்து முஸ்லிம் மன்னரின் தலைமை அமைச்சர் சாமுவேல் இப்னு நக்ரேலா ஒரு யூதர். படையோடு களத்துக்குப் போனவர். அல்மேரியா, செவில்யா முஸ்லிம் படைகளோடு மோதிய போர்களை எபிரேய மொழியில், அரபு யாப்பில் பாடினார். இவரை எந்தப் பக்கத்தில் நிறுத்துவீர்கள்?

அரசவைக் கவிதை என்றால் வெறும் முகஸ்துதி என்று ஒதுக்குவது இன்னொரு தவறு. சாமுவேலுக்குப்பின் அவர் மகன் யோசேஃப் அமைச்சரானார். எல்விரா ஊர்க் கவிஞர் அபூ இஸ்ஹாக், யூதரை அமைச்சராக வைத்த மன்னரைக் கண்டித்து, மக்களைத் தூண்டும் கவிதை ஒன்றை எழுதினார். 1066 டிசம்பர் 30 அன்று யோசேஃபும் நகரின் யூதர்கள் பலரும் கொல்லப்பட்டார்கள். கவிதை மட்டுமே காரணம் என்பதும் சரியல்ல, பகைவரோடு யோசேஃப் சதி செய்கிறார் என்ற பேச்சும் ஊரில் இருந்தது. ஆனாலும் அந்த வரிகளை அலங்காரம் என்று என்னால் சொல்ல முடியாது.

செவில்யா மன்னர் அல்-முஃதமித் தானே பெரும் கவிஞர். அவருடைய இளமைத் தோழர், அமைச்சர், கவிஞர் இப்னு அம்மார். முர்சியா நகரை மன்னருக்காகப் பிடிக்கப் போனவர் அதைத் தனக்கே வைத்துக்கொண்டார். மன்னரையும் அரசி இஃதிமாதையும் இழித்து வசைக்கவி எழுதினார். கடைசியில் பிடிபட்டு, கைவிலங்கோடு செவில்யாவுக்கு வந்து, மன்னிப்புக் கேட்டும் கவிதைதான் எழுதினார். முஃதமித் தன் கையாலேயே அவரைக் கொன்றார்.

அதிகம் நடக்கும் தவறு, கதையை வரலாறாக எடுத்துக்கொள்வது. கிறிஸ்தவ அரசவைகள் எதிரியின் கதைகளை வெறுக்கவில்லை. நம் பஞ்சதந்திரத்தின் அரபு வடிவமான கலீலா வ திம்னா 1251இல் காஸ்தில் மொழிக்குப் போனது, அப்போது இளவரசராக இருந்த பத்தாம் அல்ஃபோன்சோவின் ஆதரவில். அவருடைய தம்பி மகன் தோன் ஹுவான் மானுவேல் 1335இல் முடித்த கதை நூலில் முஃதமிதும் இஃதிமாதும் வருகிறார்கள். செங்கல்லுக்கு மண் குழைக்கும் பெண்ணைப் பார்த்து, தானும் அப்படிச் செய்ய வேண்டும் என்று அரசி அழுகிறாள். மன்னர் குளத்தைப் பன்னீரால் நிரப்பி, மண்ணுக்குப் பதில் சர்க்கரை, இலவங்கப்பட்டை, கிராம்பு, கஸ்தூரி கொட்டச் சொல்கிறார்.

இதை நடந்த செய்தியாகவே எழுதிவிடுகிறார்கள். முஃதமித் இறந்து 240 ஆண்டுகள் கழித்து, வேறொரு மதத்து அரசவையில் எழுதப்பட்ட கதை அது. அவருடைய சொந்தக் கவிதையைப் பாருங்கள். 1085இல் டொலேடோவை ஆறாம் அல்ஃபோன்சோ பிடித்ததும், ஆப்பிரிக்காவிலிருந்து முராபித் என்ற பெர்பர் முஸ்லிம் அரசின் படையை உதவிக்கு அழைத்தவர்களில் முஃதமித் முக்கியமானவர். 1091இல் அதே முராபித்துகள் செவில்யாவைப் பறித்து, அவரை மொராக்கோவின் அக்மாத்துக்குக் கைதியாகக் கொண்டுபோனார்கள். அங்கே ஒரு பெருநாளில் மகள்கள் அவரைப் பார்க்க வந்தார்கள். கந்தல் உடை, பசி, பிறருக்கு நூல் நூற்றுப் பிழைப்பு. அன்று அவர் பாடியதில் ஒரு வரி: வெறுங்காலோடு சேற்றை மிதிக்கிறார்கள், கஸ்தூரியையும் கற்பூரத்தையும் ஒருநாளும் மிதிக்காதவர்கள் போல.

குளத்துக் கதை இந்த வரியிலிருந்து முளைத்தது என்றே எனக்குத் தோன்றுகிறது. 1095இல் அவர் அக்மாத்திலேயே இறந்தார்.