'பாப்டிட்ஸோ' வந்தால் எப்படிப் படிப்பது

கிரேக்கப் புதிய ஏற்பாட்டில் 'பாப்டிட்ஸோ' என்ற வினைச்சொல் கண்ணில் பட்டதும் உடனே 'ஞானஸ்நானம்' என்று எழுதிவிடாதீர்கள். முதலில் வேரைப் பாருங்கள்: 'பாப்டோ' என்றால் தோய்ப்பது, துணிக்குச் சாயம் ஏற்றுவதற்கும் அதே சொல்தான், அதோடு 'இட்ஸோ' விகுதி சேர்ந்ததும் முழுக்குவது, அமிழ்த்துவது என்றாகிறது, கப்பல் மூழ்குவதைக்கூடப் பழைய கிரேக்கர்கள் இந்த வினையால் சொன்னார்கள்.

அப்புறம் வடிவம். எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது. மாற்கு 1:8-இல் யோவான் 'எபாப்டிசா' என்கிறார்: முழுக்கினேன், செய்வினை. அடுத்த வசனத்திலேயே இயேசுவுக்கு 'எபாப்டிஸ்தே': முழுக்கப்பட்டார், கடைசியில் நிற்கிற 'தே' செயப்பாட்டுவினையின் அடையாளம். பழைய ஏற்பாட்டின் கிரேக்க மொழிபெயர்ப்பில் சிரியப் படைத்தலைவன் நாகமான் யோர்தான் ஆற்றில் ஏழு தரம் 'எபாப்டிசடோ', அதாவது தானே முழுகினான். தமிழில் 'முழுக்கு', 'முழுகு' என்று ஒரே ஒரு 'க்' வித்தியாசத்தில் நாம் சொல்லிவிடுவதை அங்கே விகுதி மாறிச் சொல்கிறது.

முன்னிடைச்சொல்லையும், அதாவது பெயருக்கு முன்னால் நின்று நம் வேற்றுமை உருபின் வேலையைச் செய்யும் சொல்லையும், கவனியுங்கள். கிரேக்க 'என்' வந்தால் 'யோர்தானில்', 'எய்ஸ்' வந்தால் 'யோர்தானுக்குள்'; ஆனால் அந்தக் காலக் கிரேக்கத்தில் இரண்டும் கலந்து புழங்கியதால், இதை மட்டும் வைத்து, தண்ணீருக்குள் முழுக்கினார்களா இல்லையா என்று வாதாட வேண்டாம்.

சரி, லூக்கா 11:38? சாப்பாட்டுக்கு முன் கழுவிக்கொள்வதற்கும் இதே வினைதான். அங்கே 'ஞானஸ்நானம்' போட்டால் வசனத்தின் அர்த்தமே கெட்டுவிடும்.