பழைய கியூவின் மரத்தை இனங்காண்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பூல், ஸ்னூக்கர் ஆட்டங்களில் பந்தை அடிக்கும் கோலே கியூ. பழைய பூல் கியூவின் முன்தண்டு எந்த மரம் என்ற ஐயம் அதிகம் எழுவதில்லை. அமெரிக்கக் கியூக்களில் அது பெரும்பாலும் மேப்பிள். இங்கிலாந்தின் ஸ்னூக்கர் கியூக்களில் ஆஷ் மரம் மிகுதி, அதன் அழுத்தமான ரேகைகளே அதைக் காட்டிக்கொடுத்துவிடும். குழப்பமெல்லாம் கையால் பிடிக்கும் பின்பகுதியில்தான். ரோஸ்வுட், கருங்காலி, வால்நட், கோகோபோலோ, படாக் எனப் பல மரங்கள் அங்கே பயன்பட்டிருக்கின்றன. பல பத்தாண்டுப் பழைய பூச்சுக்கு அடியில் அவற்றுள் பலவும் ஏறத்தாழ ஒரே பழுப்பாகத் தெரியும்.

ஆகவே நிறத்தை நம்புவதே முதல் தவறு. ஊதா நிறத்துக்குப் பெயர்பெற்ற பர்ப்பிள்ஹார்ட்டும் செந்நிறப் படாக்கும் வெளிச்சம் பட்டுப் பட்டுப் பழுப்பேறிவிடும். லாக்கர் பூச்சு மஞ்சளித்து வெளிர் மேப்பிளைக்கூடத் தேன் நிறமாக்கிவிடும். கறுப்பாக இருப்பதெல்லாம் கருங்காலியும் அன்று, சாயம் ஏற்றிய சாதாரண மரமாகவும் இருக்கலாம். மலிவான கியூக்களில், பின்பகுதியில் வேறு மரம் கூராக மேலேறுவதுபோல் தெரியும் கூர்முனை வேலைப்பாடே பூச்சுக்கு அடியில் ஒட்டிய அச்சுப்படமாக இருப்பதுண்டு. எனவே அதன் விளிம்பில் மரத்தின் ரேகை உண்மையிலேயே மாறுகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

கனமாக இருப்பதால் கருங்காலி என்று முடிவுகட்டுவதும் பிழை. பூல் கியூவின் அடியில், ரப்பர் மூடிக்கு உள்ளே, எடை கூட்டும் போல்ட் இருக்கலாம். பழைய ஸ்னூக்கர் கியூக்களில் ஈயம் வைத்திருப்பார்கள்.

இவற்றையெல்லாம்விட என்னை வருத்துவது, உள்ளிருக்கும் நிறத்தைப் பார்ப்பதற்காக உப்புத்தாளால் தேய்ப்பதுதான். தேய்த்த இடத்தில் பழைய பூச்சும் தயாரிப்பாளர் முத்திரையும் போய்விடும். அவற்றை யாராலும் மீட்டுத்தர முடியாது. கோகோபோலோவாக இருந்தால் அதன் தூள் தோலில் கடும் ஒவ்வாமையையும் உண்டாக்கக்கூடும்.

பார்க்க வேண்டியது குறுக்குவெட்டு முகத்தை. ரப்பர் மூடியைக் கழற்றி, தெரியும் மரத்தில் சிறு இடத்தைப் புதிய பிளேடால் சீவி, சற்று ஈரப்படுத்தி, 10 மடங்கு பெருக்கிக் காட்டும் லென்ஸால் நோக்கினால் துளைகள் புலப்படும். மேப்பிளில் அவை மிகச் சிறியவை, எங்கும் சீராகப் பரவியவை. ஆஷில் ஆண்டு வளையத்தின் தொடக்கத்தில் பெருந்துளைகள் வரிசையாக நிற்கும். வால்நட்டில் வளையத்துக்குள் பெரிதிலிருந்து சிறிதாகப் படிப்படியாகக் குறையும். ரோஸ்வுட்டில் பெருந்துளைகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கும். படாக் என்று ஐயமிருந்தால், சீவிய துகளை நீரில் ஊறவைத்துப் புறஊதா விளக்கில் காட்டலாம். நீர் நீலமாக ஒளிர்வது அதற்கு வலுவான சான்று.

இங்கும் ஒரு வழுக்கல் உண்டு. பல கியூக்களில் பிடிக்கு மேலுள்ள முன்கைப்பகுதி, பிடி, அதற்குக் கீழுள்ள அடிக்குழல் ஆகியவை தனித்தனி மரத்துண்டுகள். அடியில் கண்ட மரமே மேலேயும் இருக்கும் என்று கொள்ள முடியாது. பிரன்ஸ்விக் நிறுவனத்தின் டைட்டிலிஸ்ட் போன்ற முழு இணைப்புக் கியூக்களில் மட்டும், அடிமரமே கூர்முனைகளாக மேலேறி மேப்பிளோடு கோத்துக்கொள்ளும்.

ரோஸ்வுட் என்று தெரிந்ததும் அதைப் பிரேசில் ரோஸ்வுட் என்று எழுதிவிடுவது இறுதியான, விலை மிகுந்த தவறு. நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி மரமும், தோதகத்தி என்பதும் அதுவே, பிரேசில் மரத்தின் பேரினமான டால்பெர்ஜியாவைச் சேர்ந்ததுதான். லென்ஸ் பெரும்பாலும் பேரினம் வரையே கொண்டுசெல்லும். பிரேசில் மரம் 1992 முதல், அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் மிகக் கடுமையான முதல் பட்டியலில் இருப்பதால், எல்லை தாண்டி விற்பவர் ஊகத்தின் பேரில் அந்தப் பெயரைச் சூட்டக் கூடாது. பெங்களூரிலுள்ள மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் போன்ற ஆய்வகங்களை நாடலாம்; அவர்களுக்குத் தரும் சில்லை ரப்பர் மூடி மறைக்கும் இடத்திலிருந்து எடுத்தால் கியூவின் வெளிப்புறத்தில் தழும்பு தெரியாது.