13A மாடியிலிருந்து இறங்கிப் பார்த்திருக்கிறீர்களா? அடுக்குமாடி வீட்டுக்காரர்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை

போன வருடம் ஒரு நாள் அதிகாலை இரண்டரை மணிக்கு எங்கள் பிளாக்கில் தீ அலாரம் அடித்தது. கோலாலம்பூர் செந்தூலில், 13A என்று எண்ணிட்ட பதினான்காவது மாடியில் உள்ள இந்த வீட்டுக்கு வந்து ஒன்பது வருடம் ஆகிறது. அந்த மணி அதற்கு முன் எத்தனையோ முறை சும்மா அடித்திருக்கிறது. தலையணையைக் காதில் அழுத்திக்கொண்டு திரும்பிப் படுத்தேன். மனைவிதான் உலுக்கி எழுப்பினாள். வாசலுக்கு ஓடினால் கிரில் (இரும்புக் கம்பிக்கதவு) சாவியைக் காணோம். கடைசியில் அது அழுக்குத்துணிக் கூடையில், என் காற்சட்டைப் பாக்கெட்டுக்குள் கிடந்தது. தேடி எடுக்க நான்கு நிமிடம் ஆனது.

அன்று எதுவும் எரியவில்லை. எட்டாவது மாடியில் யாரோ ரொட்டியைக் கருக்கிவிட்டார்களாம். ஆனால் அந்த நான்கு நிமிடம் என்னை விடவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பசியாறிவிட்டு நானும் மனைவியும் செய்த வேலைகளைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். நீங்களும் காலையில் தொடங்கினால் மதியச் சாப்பாட்டுக்குள் முடித்துவிடலாம்.

படி 1: சாவி

தீயணைப்புக் கருவி வாங்குவதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள். நம் ஊரில் கிரில் இல்லாத வீடு அபூர்வம். திருடன் உள்ளே வராமல் இருக்கப் போட்ட அதே கம்பி, நாம் வெளியே போவதையும் தடுக்கும். 2017 செப்டம்பரில் கோலாலம்பூர் டத்தோ கிராமாட்டில் ஒரு சமயப் பள்ளியின் விடுதியில் தீப்பிடித்து 23 பேர் இறந்தார்கள். வாசல் பக்கம் தீ, ஜன்னல்களில் கம்பி. பெரும்பாலும் சிறுவர்கள்.

செய்ய வேண்டியது இதுதான். வாசல் கிரிலில் தொங்கும் பூட்டைக் கழற்றிவிட்டு, உள்பக்கம் கையால் திருகித் திறக்கும் பூட்டாக மாற்றுங்கள். அதற்குக் கொஞ்ச நாள் ஆகும் என்றால், இன்றைக்கே ஒரு சாவியை வாசலுக்கு அருகே ஆணியடித்து மாட்டுங்கள். வெளியிலிருந்து கைவிட்டால் எட்டக்கூடாது. வீட்டிலுள்ள சின்னப் பிள்ளைக்கு எட்ட வேண்டும். அந்தச் சாவியை வேறு எதற்கும் எடுக்கக்கூடாது. அப்புறம் விளக்கை அணைத்துவிட்டு, வீட்டில் ஒவ்வொருவரும் இருட்டிலேயே கிரிலைத் திறந்து பாருங்கள். என் மாமியார் முதல் தடவை தடுமாறினார். மூன்றாம் தடவை என்னைவிட வேகமாகத் திறந்தார்.

படுக்கையறை ஜன்னல் கம்பியைப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் கழற்றச் சொல்ல மாட்டேன். திறந்து மூடும் ஒரு பகுதியாவது இருக்கட்டும்.

படி 2: படிக்கட்டு

மின்தூக்கியை மறந்துவிட்டு, மாடிப்படி வழியாகக் கீழே வரை ஒரு முறை இறங்குங்கள். கட்டாயம் முழுவதும் இறங்க வேண்டும், பாதியில் திரும்பக்கூடாது. ஏன் என்று சொல்கிறேன்.

வீட்டு வாசலிலிருந்து படிக்கட்டுக் கதவு வரை எத்தனை வீட்டுக் கதவுகள் என்று எண்ணுங்கள். புகையில் கண் தெரியாது, சுவரைத் தடவிக்கொண்டே எண்ணித்தான் போக வேண்டியிருக்கும். எங்களுக்கு இடப்பக்கம் நான்கு கதவு, ஐந்தாவது படிக்கட்டு. இன்னொரு படிக்கட்டு வலப்பக்கம் இருக்கிறது என்பதே அன்றுதான் எனக்குத் தெரிந்தது. "கெலுவார்" (மலாயில் 'வெளியேறும் வழி') என்று பச்சை விளக்கு எரிகிறதா, இல்லை பல்பு போய்விட்டதா என்றும் பாருங்கள்.

படிக்கட்டுக் கதவு தானாக மூடிக்கொள்ள வேண்டும். எங்கள் மாடியில் காற்று வரட்டும் என்று யாரோ பூத்தொட்டியை முட்டுக்கொடுத்து வைத்திருந்தார்கள். அந்தக் கதவு இருப்பதே படிக்கட்டுக்குள் புகை நுழையாமல் இருக்கத்தான். திறந்து கிடந்தால் படிக்கட்டு புகைபோக்கி ஆகிவிடும். தொட்டியை எடுத்துவிட்டேன்; உரிமையாளர் இன்னும் என்னிடம் பேசுவதில்லை.

இறங்கி முடித்தபோதுதான் பெரிய அதிர்ச்சி: தரைத்தளக் கதவில் சங்கிலி, பூட்டு. நிர்வாகத்திடம் கேட்டால் "திருட்டுப் பயம்" என்றார்கள். வெளியேறும் வழியை அடைப்பது 1988ஆம் ஆண்டு தீயணைப்புச் சேவைச் சட்டத்தின் கீழ் வருகிற விஷயம். படத்தோடு கடிதம் கொடுங்கள். அசையவில்லை என்றால் பக்கத்து பொம்பா (தீயணைப்பு) நிலையத்தில் புகார் செய்யலாம். எங்கள் சங்கிலி மூன்று வாரத்தில் போனது.

படி 3: அடுப்படி

எண்ணெய்ச் சட்டிக்குப் பொருந்தும் ஒரு தட்டையான மூடியை அடுப்புக்குப் பக்கத்திலேயே வையுங்கள், அலமாரிக்குள் வேண்டாம். சட்டியில் தீப்பிடித்தால் அடுப்பை அணைத்துவிட்டு, மூடியை ஓரத்திலிருந்து தள்ளி மூடுங்கள். ஆறும்வரை திறக்காதீர்கள், சட்டியைத் தூக்கிக்கொண்டு தண்ணீர்க் குழாய்க்கு ஓடவும் ஓடாதீர்கள். தண்ணீர் ஆவியாகும்போது ஏறக்குறைய 1,700 மடங்கு விரியும். கொதிக்கிற எண்ணெய்க்குள் ஒரு குவளை தண்ணீர் விழுந்தால், எரியும் எண்ணெய் கூரை வரை தெறிக்கும். தீபாவளிக்கு முறுக்கு சுடும் வாரத்தில் இதை வீட்டில் எல்லோருக்கும் ஒருமுறை சொல்லிவிடுங்கள்.

கேஸ் தோம்பின் (சிலிண்டரின்) ரப்பர்க் குழாயில் சோப்பு நுரை தடவுங்கள். குமிழி வந்தால் கசிவு. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது, தரையில்தான் தேங்கும். நாற்றம் வந்தால் சுவிட்சைத் தொடாமல், ரெகுலேட்டரை மூடிவிட்டு ஜன்னல் கதவுகளைத் திறந்து விடுங்கள்.

படுக்கப் போகும்முன் சாமி விளக்கைக் குளிரவைத்துவிடுங்கள். மின்சார ஸ்கூட்டர் இருந்தால் இரவில் வாசலை அடைத்துக்கொண்டு சார்ஜ் போட வேண்டாம்.

படி 4: இரண்டு பொருள்கள்

படுக்கையறைக்கு வெளியே கூரையில் பேட்டரி போட்ட புகை அலாரம் ஒன்று. சாமி மேடைக்கு அருகே மாட்டினால் வெள்ளிக்கிழமை சாம்பிராணிக்குக் கத்தும், எரிச்சலில் பேட்டரியைக் கழற்றிவிடுவீர்கள். தள்ளி மாட்டுங்கள், மாதம் ஒருமுறை பட்டனை அழுத்திச் சோதியுங்கள்.

இரண்டாவது, ஏபிசி வகை உலர்தூள் தீயணைப்புக் கருவி. ஊசியை இழுத்து, தீயின் அடிப்பாகத்தைப் பார்த்து, அழுத்தி, பக்கவாட்டில் வீசவேண்டும். சின்னக் கருவி பத்து விநாடி அளவில் தீர்ந்துவிடும். குப்பைக்கூடை அளவுத் தீக்குத்தான் அது. திரைச்சீலை பற்றிக்கொண்டால் ஓடுங்கள்.

படி 5: போகவா, இருக்கவா?

இதை மட்டும் சாப்பாட்டு மேசையில் எல்லோரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள்.

தீ உங்கள் வீட்டில் என்றால் எல்லோரும் வெளியே. கதவைச் சாத்துங்கள், பூட்டாதீர்கள். நடைபாதையில் உள்ள அலாரக் கண்ணாடியை உடையுங்கள், பக்கத்து வீட்டுக் கதவுகளைத் தட்டுங்கள், படியில் இறங்குங்கள்.

தீ வேறெங்கோ என்றால், புறங்கையால் கதவைத் தொடுங்கள். சூடில்லை, நடைபாதையில் புகையும் இல்லை என்றால் இறங்கிவிடுங்கள். "சும்மா அடிக்கிறது" என்று என்னைப் போலத் திரும்பிப் படுக்காதீர்கள். வழியில் புகை அடைத்தால் இன்னொரு படிக்கட்டு. அதுவும் இல்லையென்றால் வீட்டுக்கே திரும்பி, கதவிடுக்கில் ஈரத்துண்டைத் திணித்து, வெளிப்பக்கம் ஜன்னல் உள்ள அறையில் இருந்து துணியோ கைவிளக்கோ ஆட்டுங்கள். குளியலறைக்குள் ஒளியாதீர்கள். நம் அடுக்குமாடிகளில் பல குளியலறைகளின் ஜன்னல் காற்றுக்கூண்டைப் பார்த்திருக்கும், புகை ஏறுவதும் அது வழியேதான். மொட்டைமாடிக்கும் போகாதீர்கள், கதவு பூட்டியிருக்கலாம், புகை உங்களைத் துரத்தி வரும்.

"வீட்டுக்குள்ளேயே இருங்கள்" என்ற அறிவுரை, ஒவ்வொரு வீடும் தீயைத் தனக்குள் பிடித்துவைக்கும் என்ற நம்பிக்கையில் சொல்லப்படுவது. லண்டன் கிரென்ஃபெல் கோபுரத்தில் 2017இல் வெளிச்சுவர்ப் பூச்சுப் பலகைகள் வழியே தீ மேலே ஏறியது. 72 பேர் இறந்தார்கள். 2018 பிப்ரவரியில் பெட்டாலிங் ஜெயாவில் இ.பி.எஃப். (ஊழியர் சேமநிதி வாரியம்) கட்டடத்தின் வெளிப்பலகைகள் எரிந்ததை நம்மில் பலர் பார்த்திருப்போம். ஆகவே வெளிச்சுவர் எரிகிறது, படிக்கட்டு இன்னும் தெளிவாக இருக்கிறது என்றால் காத்திருக்காதீர்கள்.

படி 6: அவசர எண் 999

அழைத்தால் சொல்ல வேண்டியது: கட்டடத்தின் பெயர், சாலை, பிளாக், மாடி, வீட்டு எண். இதைத் தமிழிலும் மலாயிலும் ஒரு தாளில் எழுதி வாசல் சாவிக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள், பதற்றத்தில் சொந்த முகவரியே மறந்துபோகும். மாடி எண்ணை மின்தூக்கியில் எழுதியிருக்கிறபடியே சொல்லுங்கள். நான்கு என்ற எண் ஆகாது என்று நம் கட்டடங்களில் 3A, 13A என்று வைத்திருப்பார்கள். "பதினாலு" என்று நாம் சொன்னால் அப்படி ஒரு பொத்தானே இருக்காது. எங்கள் தாளில் 13A என்று சிவப்பு மையில் எழுதி, கீழே "கார் நிறுத்தும் தளங்கள் தனி, ஐந்து" என்றும் சேர்த்திருக்கிறோம். கடைசி வரி மனைவி எழுதியது: "11ஆம் மாடி, வலது கோடி வீட்டுப் பாட்டிக்கு நடக்க முடியாது, சொல்லவும்."