பால்மறந்த குழந்தையைப்போல: விசுவாசத்தில் தேறுவதற்கு ஒரு பயிற்சி

கொரிந்து சபையில் வரங்களுக்குக் குறைவே இல்லை. அப்போஸ்தலன் பவுலே அந்தச் சபைக்கு எழுதிய முதல் நிருபத்தின் தொடக்கத்தில் (1:7) அதை ஒத்துக்கொள்கிறார். அந்நியபாஷையும் தீர்க்கதரிசனமும் அங்கே தாராளமாக இருந்தன. அதே சபையைத்தான் 3:1-ல் "கிறிஸ்துவுக்குள் குழந்தைகள்" என்கிறார். காரணம் 3-ம் வசனத்தில் இருக்கிறது: பொறாமை, வாக்குவாதம், பேதகங்கள். ஆகவே ஒருவர் எத்தனை மணி நேரம் ஜெபிக்கிறார், கன்வென்ஷனில் எவ்வளவு உருக்கமாகச் சாட்சி சொல்கிறார் என்பதை வைத்து முதிர்ச்சியை அளக்காதீர்கள். பக்கத்து பெஞ்சில் உட்காருகிறவரோடு அவர் எப்படி நடந்துகொள்கிறார் என்று பாருங்கள். முதலில் உங்களையே அப்படிப் பாருங்கள்.

பலமான ஆகாரம் யாருக்குத் தகும் என்று எபிரெயர் 5:14 சொல்கிறது. நன்மை தீமையைப் பகுத்தறிய பயிற்சியினால் பழகின ஞானேந்திரியங்கள் உள்ளவர்களுக்கு. பழகின என்ற இடத்தில் மூலத்தில் இருக்கும் கிரேக்கச் சொல், ஜிம்னாசியம் என்ற சொல்லோடு ஒரே வேரில் பிறந்தது. உடம்பைப் பழக்குவதுபோல உள்ளத்தையும் தினம் பழக்க வேண்டும். ஞானஸ்நானம் எடுத்து இருபது வருஷம் ஆகிவிட்டது என்பதற்காக அது தானாக வந்துவிடாது.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நேற்று இரட்சிக்கப்பட்டவர் குழந்தையாக இருப்பது குற்றம் இல்லை. ஞானப்பாலின்மேல் வாஞ்சையாயிருங்கள் என்றுதான் பேதுரு அவர்களுக்கு எழுதுகிறார். காலத்தைப் பார்த்தால் போதகராயிருக்க வேண்டியவர் இன்னும் பால்புட்டியை விடாமல் இருப்பதுதான் எபிரெயர் நிருபத்தின் கவலை.

முதல் இரண்டு வாரம்: குறித்து வையுங்கள்

ஒரு சின்ன நோட்டு போதும். இரவு படுக்குமுன் ஐந்து நிமிடம் ஒதுக்கி, அன்றைக்கு மனம் எங்கே சுருங்கியது என்று இரண்டு வரி எழுதுங்கள். மூன்று சந்தர்ப்பங்களைக் கவனித்தால் போதும்: உங்களைக் கண்டுகொள்ளாமல் விட்டபோது, யாராவது திருத்தியபோது, கேட்டது கிடைக்காமல் போனபோது.

அறுப்பின் பண்டிகை முடிந்து, உதவியவர்களின் பெயரை ஒவ்வொன்றாக வாசிக்கிறார்கள். இரண்டு நாள் பந்தல் வேலை பார்த்த உங்கள் பெயர் அதில் விட்டுப்போகிறது. அந்த நிமிடம் உள்ளே என்ன நடந்தது? முகம் மாறியதா? வீட்டுக்கு வந்து யாரிடம் சொன்னீர்கள்? அடுத்த ஞாயிறு ஆலயத்துக்குப் போகக் கால் தயங்கியதா? இதை அப்படியே எழுதுங்கள். "ஆண்டவரே, என் பெருமையை மன்னியும்" என்று பொதுவாக எழுதினால் பயன் இல்லை. "செயலாளர் என் பெயரை விட்டதால் அவரிடம் மூன்று நாள் பேசவில்லை" என்று எழுதினால்தான் அடுத்த முறை அதே இடம் வரும்போது அடையாளம் தெரியும்.

இரண்டு வாரம் கழித்துப் படித்தால் ஒரே காயம் நான்கைந்து முறை வந்திருப்பது தெரியும். பயிற்சியை அங்கேதான் தொடங்க வேண்டும்.

வசனத்தைத் துண்டாக எடுக்காமல் வாசிப்பது

புத்தாண்டு ஆராதனையில் வாங்கும் வாக்குத்தத்த வசனத்தை வீட்டில் ஒட்டி வைப்பதில் தப்பில்லை. ஆனால் அதுவே வருஷம் முழுவதுக்குமான சாப்பாடாக இருந்தால் வளர்ச்சி நின்றுபோகும். எரேமியா 29:11 பல வீடுகளில் சுவரில் தொங்குகிறது. தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகள். அதற்கு முந்தின வசனத்தை வாசித்தால், பாபிலோனில் 70 வருஷம் நிறைவேறின பிறகு என்று இருக்கிறது. அந்தக் கடிதம் சிறைப்பட்டுப் போனவர்களுக்குப் போனது. வீடுகளைக் கட்டுங்கள், தோட்டங்களை நாட்டுங்கள், அந்தப் பட்டணத்துக்காக ஜெபியுங்கள் என்று 5 முதல் 7 வரை சொல்கிறது. அதைக் கேட்ட பெரியவர்கள் பலர் ஊர் திரும்பியிருக்க வழியில்லை. இது தெரிந்து பிடித்துக்கொள்கிற வாக்குத்தத்தம், விசா தாமதமானாலும் வேலை கிடைக்காவிட்டாலும் உடையாது.

"எல்லாவற்றையும் செய்ய எனக்குப் பெலனுண்டு" என்று பரீட்சைக் காலத்தில் சொல்லும் பிலிப்பியர் 4:13-ம் அப்படித்தான். முந்தின வசனம் பசியாயிருக்கவும் பரிபூரணமடையவும் கற்றுக்கொண்டதைப் பற்றியது.

யாக்கோபிலிருந்து தொடங்குங்கள். 5 அதிகாரம், 108 வசனம். சத்தமாக வாசித்தால் சுமார் இருபது நிமிடம். முதல் வாரம் தினமும் முழுவதும் வாசியுங்கள், குறிப்பு எடுக்க வேண்டாம். அடுத்த ஐந்து வாரம், வாரத்துக்கு ஒரு அதிகாரம். ஒவ்வொரு வாரமும் ஒரே ஒரு கட்டளையைத் தேர்ந்தெடுத்து, எந்த ஆளிடம், எந்த நாளில் செய்யப்போகிறீர்கள் என்று எழுதுங்கள். கேட்கிறதற்குத் தீவிரமாயும் பேசுகிறதற்குப் பொறுமையாயும் இருங்கள் என்கிற 1:19 வந்தால், "இன்று மாமியார் பேசி முடிக்கும்வரை குறுக்கே பேச மாட்டேன்" என்கிற அளவுக்கு இறங்கி வர வேண்டும்.

இங்கே பலர் வழுக்குவது, வாசிப்பின் அளவைக் கூட்டுவதில். ஒரு நாளைக்குப் பத்து அதிகாரம் என்று ஓடுகிறார்கள், இரண்டாம் வாரம் லேவியராகமத்தில் நின்றுவிடுகிறார்கள், பிறகு குற்ற உணர்வில் வேதத்தையே தொடுவதில்லை. கொஞ்சமாக வாசித்து, வாசித்ததில் ஒன்றைச் செய்வது மேல்.

ஜெபம்

பதினைந்து நிமிடத்தில் முதல் ஐந்தில் எதையும் கேட்காதீர்கள். சங்கீதம் 131-ஐ மெதுவாகச் சொல்லுங்கள், மூன்றே வசனம். பால்மறந்த குழந்தை தாயின் மடியில் இருப்பது பாலுக்காக இல்லை. அடுத்த ஐந்து நிமிடம் மற்றவர்களுக்காக, நோட்டில் வந்த அந்தச் செயலாளரின் பெயரையும் சேர்த்து. உங்கள் தேவைகள் கடைசியில் வரட்டும்.

மனஸ்தாபம் வந்தால்

முதிர்ச்சியின்மை அதிகமாக வெளிப்படுவது இங்கேதான். மத்தேயு 18:15 சொல்லும் முதல் படி, "நீயும் அவனும் தனித்திருக்கையில்." நம் சபைகளில் பெரும்பாலும் அந்தப் படியைத் தாண்டிவிடுகிறோம். வீட்டுக்கூட்டத்தில் ஜெபக்குறிப்பாகச் சொல்கிறோம்: "அந்தச் சகோதரிக்காக ஜெபிச்சுக்கோங்க, பெயர் வேண்டாம், உங்களுக்கே தெரியும்." இல்லையென்றால் வாட்ஸாப் ஸ்டேட்டஸில் ஒரு வசனத்தைப் போட்டு, அவர் பார்த்துவிட்டாரா என்று பார்க்கிறோம். ஜெபமும் வசனமும் அங்கே கல்லாக மாறிவிடுகின்றன.

செய்ய வேண்டியது இது. கோபம் ஆற ஒரு நாள் விடுங்கள். ஒரு வாரத்துக்கு மேல் தள்ளாதீர்கள், தள்ளினால் கதை வளர்ந்துவிடும். செய்தியாக அனுப்பாமல் நேரில் போங்கள். நடந்த ஒரு காரியத்தை மட்டும் எடுங்கள்: "அக்கா, போன ஞாயிறு பாடகர் குழுவில் நீங்க சொன்னது எனக்குக் கஷ்டமா இருந்தது. நான் தப்பா புரிஞ்சுக்கிட்டேனான்னு கேட்க வந்தேன்." "நீங்க எப்பவுமே இப்படித்தான்" என்று ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். பிறகு கேளுங்கள். உங்கள் பங்கு தப்பு இருந்தால் "ஆனால்" சேர்க்காமல் மன்னிப்புக் கேளுங்கள். பேசியும் தீரவில்லை என்றால்தான் இரண்டாம் படி, ஒன்றிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போவது. உங்கள் பக்கம் பேசுகிறவர்களையே பொறுக்கி எடுக்காதீர்கள்.

அடி உதை, பாலியல் அத்துமீறல், பிள்ளைகளுக்குத் தீங்கு ஆகியவை தனியாகப் பேசித் தீர்க்கும் மனஸ்தாபங்கள் இல்லை. பாதிக்கப்பட்டவரை "மன்னித்துவிடு" என்று அமர்த்துவது பெரிய பாவம். போலீசில் சொல்லுங்கள், இந்தியாவில் பிள்ளைகளுக்கான உதவி எண் 1098.

திருத்தப்படும்போது

அப்பொல்லோ வேதாகமங்களில் வல்லவர், நன்றாகப் பேசுகிறவர். அவருக்குத் தெரியாதது இருந்ததைக் கவனித்த ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் சபை நடுவில் எழுந்து நிற்காமல் அவரைச் சேர்த்துக்கொண்டு விளக்கினார்கள் (அப்போஸ்தலர் 18:26). கூடாரத் தொழில் செய்த தம்பதியிடம் அவர் கற்றுக்கொண்டார். உங்களைவிட வயதில் மூத்த, புகழ்ந்து பேசாத ஒருவரை மாதம் ஒரு முறை சந்தித்து அந்த நோட்டைக் காட்டுங்கள். அவர் சொல்வதற்கு அங்கேயே பதில் சொல்லாமல், வீட்டுக்குப் போய் இரண்டு நாள் யோசியுங்கள்.

சபை நடத்துகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. புதிதாக வந்தவர் நன்றாகப் பேசுகிறார் என்று உடனே மேடை கொடுக்காதீர்கள். நூதன சீஷன் (புதிதாக விசுவாசத்துக்கு வந்தவர்) கண்காணியாக, அதாவது சபையை நடத்துகிறவராக, ஆகக் கூடாது என்று 1 தீமோத்தேயு 3:6 சொல்வது அவரைக் காப்பாற்றத்தான். ஒரு வருஷமாவது நாற்காலி போடவும் பிள்ளைகளுக்கு ஞாயிறு பள்ளி நடத்தவும் விடுங்கள்.

நடுவில் விழுந்தால் நோட்டை மூடிவிடாதீர்கள். பெர்கேயிலிருந்து பாதியில் திரும்பிப்போன மாற்குவை அடுத்த பயணத்தில் சேர்க்கப் பவுல் மறுத்தார், அதனால் பர்னபாவோடு பிரிவே வந்தது. பல வருஷம் கழித்து அதே பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார்: மாற்குவைக் கூட்டிக்கொண்டு வா, ஊழியத்தில் எனக்குப் பிரயோஜனமுள்ளவன். விட்ட தேதியைக் குறித்துவிட்டு, அதற்கு அடுத்த வரியிலிருந்து எழுதத் தொடங்குங்கள்.