வானம் அடைத்துப்போன நெகட்டிவ்: என் அனுபவம்
மூன்று ரோல் வீணான பிறகு ஒருவழியாகச் சரியானது. ஐஎஸ்ஓ 50 (ஒளி உணர்திறன் குறைவான) கருப்பு வெள்ளை பிலிம். வெளிச்சமான இடம் கறுப்பாகப் பதியும் நெகட்டிவில் வானம் தார் போல அடர்ந்திருந்தது, நிழல் பகுதி எதுவும் பதியாமல் வெறும் கண்ணாடி.

டெவலப்பிங் (பிலிமை ரசாயனத்தில் கழுவும்) நேரத்தைக் குறைத்தேன். நிழல் இன்னும் மெலிந்தது. டெவலப்பரை மாற்றியும் பலனில்லை.

துப்பு கிடைத்தது பிலிம் ஓரத்து எண்களில். அவை தொழிற்சாலையிலேயே பதிவானவை, என் கேமராவுக்குச் சம்பந்தமில்லை. அவையும் கன்னங்கரேலென்று விளிம்பு கசிந்து தெரிந்தன. ஆக, டெவலப்பிங் அதிகம். நிழலுக்கு வெளிச்சம் போதாதது தனிக் கோளாறு.

சரி என்று ஒளிமீட்டரை ஐஎஸ்ஓ 25-இல் வைத்து, இரட்டிப்பு வெளிச்சம் கொடுத்து எடுத்தேன். டெவலப்பர் ரோடினால், தண்ணீரில் 1:100 கலவை, 20 டிகிரி, 15 நிமிடம். அரை நிமிடத்துக்கொரு முறை டாங்கைக் குலுக்குவதை விட்டு, மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்தினேன். இப்படி அதிகம் குலுக்காமல் விட்டால் அடர்ந்த இடத்தில் டெவலப்பர் சீக்கிரம் தீர்ந்துவிடும், நிழலில் தொடர்ந்து வேலை செய்யும். மேகத்தின் மடிப்புகூட இப்போது தெரிகிறது.