புது சைக்கிளில் ஃபிட்டிங் கோளாறா? உரிமையை இழக்க வைக்கும் தவறுகள்

புது சைக்கிள் பெரும்பாலும் அட்டைப் பெட்டிக்குள் அரைகுறையாகப் பொருத்தப்பட்ட நிலையில்தான் கடைக்கு வந்து சேர்கிறது. ஹேண்டில்பார், முன்சக்கரம், பெடல், சீட் எல்லாவற்றையும் கடையில்தான் மாட்டுகிறார்கள். பிரேக்கும் கியரும் சரிசெய்யப்படுவதும் அங்கேதான். அதனால் எவ்வளவு நல்ல கம்பெனி சைக்கிளாக இருந்தாலும், மாட்டியவர் அவசரப்பட்டிருந்தால் சில நாட்களிலேயே கெட்டுப்போகலாம். அப்படிக் கெட்டால், தயாரிப்பில் குறையில்லை என்று கம்பெனி கைவிரிக்கும். நீங்கள் ஓட்டியதில்தான் போயிருக்கிறது என்று கடை சொல்லும். இரண்டு பக்கமும் அலைந்துவிட்டுக் கடைசியில் சொந்தக் காசைப் போட்டுப் பழுது பார்த்துக்கொள்பவர்கள் நிறைய.

அப்படி விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. கடை மாட்டிக் கொடுத்ததில் குறை இருந்தால் பதில் சொல்ல வேண்டியது கடைதான். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. குறை மாட்டியதில்தான் இருந்தது என்பதற்கான தடயம் அந்த சைக்கிளிலேயே இருக்கிறது, அது சீக்கிரம் அழிந்தும் போகிறது. வாங்கியவர்கள் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை அந்தத் தடயத்தைத் தாங்களே அழித்துவிடும் தவறுகள்தான்.

ஆட்டம் தெரிந்த பிறகும் ஓட்டுவது

இதுதான் முதல் தவறு, பெரிய தவறும் இதுதான். பெடலை எடுத்துக்கொள்வோம். வலது பெடலைக் கடிகார முள் சுற்றும் திசையில் முறுக்க வேண்டும். இடது பெடலின் மரை அதற்கு நேர் எதிர்த்திசையில் வெட்டப்பட்டிருக்கும். மிதிக்க மிதிக்கப் பெடல் தானாகக் கழன்று வந்துவிடக் கூடாது என்பதற்காகவே இந்த ஏற்பாடு. பெடல்களை இடம் மாற்றி வைத்து ஸ்பேனரால் பலவந்தமாக ஏற்றினாலும், சரியான பெடலையே கோணலாக ஏற்றினாலும், பெடல் மாட்டப்படும் கையான கிராங்க்கின் மரை வெட்டுப்படும். பெடலின் அச்சு எஃகு. கிராங்க் பல சைக்கிள்களில் அலுமினியம். இரண்டும் மோதினால் சிதைவது கிராங்க்தான்.

ஒழுங்காக ஏற்றிவிட்டு, கடைசியில் போதுமான அளவு இறுக்காமல் விட்டாலும் இதே கதிதான். பெடலை ஏறத்தாழ 35 நியூட்டன் மீட்டர் அளவுக்கு இறுக்க வேண்டும். கையால் திருகிவிட்டு ஸ்பேனரை லேசாகத் தொட்டால் அந்த அளவு வராது. தளர்ந்த அச்சு ஒவ்வொரு மிதிக்கும் அசைந்து அசைந்து மரையைத் தின்றுகொண்டே இருக்கும். ஒருநாள் பெடல் மரையையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டு கையோடு வந்துவிடும். கிராங்க்கை சைக்கிளின் நடு அச்சோடு பிடித்திருக்கும் போல்ட் தளர்ந்திருந்தாலும் அப்படித்தான். சதுர அச்சில் உட்காரும் கிராங்க் என்றால், தளர்வோடு ஓட்ட ஓட்ட அதன் சதுரத் துளை மழுங்கிவிடும். அப்புறம் எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது.

முதல் நாளே கவனித்திருந்தால் சில நிமிட வேலை. ஒரு வாரம் ஓட்டிய பிறகு பாகத்தையே மாற்ற வேண்டியிருக்கும். "ஆட்டம் இருப்பது தெரிந்தும் ஓட்டினீர்களே" என்று கடை கேட்டால், அந்தக் கேள்வியில் நியாயமும் இருக்கும். பிரேக், ஹேண்டில்பார், முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க் போன்றவற்றில் கோளாறு என்றால் உரிமையைப் பற்றி யோசிப்பதற்கு முன் கீழே இறங்கிவிடுங்கள். வீடு வரைக்கும்தானே என்று ஓட்ட வேண்டாம், தள்ளிக்கொண்டே போங்கள்.

கடையை விட்டு வெளியே வருவதற்கு முன்பே கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ளக்கூடிய தவறுகளும் உண்டு. ஃபோர்க்கைப் பின்புறம் முன்னாகத் திருப்பி மாட்டியிருப்பது கேட்க நம்ப முடியாததாக இருக்கலாம், ஆனால் நடக்கிறது. ஃபோர்க்கின் கீழ்முனை முன்னோக்கித் தள்ளி இருக்க வேண்டும். முன்சக்கரம் ஃபிரேமை ஒட்டி நின்றாலோ, திரும்பும்போது கால்விரல் வழக்கத்துக்கு மேல் சக்கரத்தில் இடித்தாலோ சந்தேகப்படுங்கள். சீட் தண்டில் குறைந்தபட்சம் இவ்வளவு உள்ளே இருக்க வேண்டும் என்று ஒரு கோடு போட்டிருப்பார்கள். அந்தக் கோடு வெளியே தெரியக் கூடாது. கியர் சைக்கிள் என்றால் பின்சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றி, மிகப் பெரிய பல்சக்கரத்துக்கு மாற்றிப் பாருங்கள். செயின் அதையும் தாண்டி ஸ்போக் பக்கம் விழப் பார்த்தால், கியர் மாற்றியின் எல்லையைத் தீர்மானிக்கும் திருகு சரியாக வைக்கப்படவில்லை என்று அர்த்தம். ஓடும்போது அது ஸ்போக்குக்குள் சிக்கினால் கியர் மாற்றி, அது தொங்கும் கொக்கி, சில ஸ்போக்குகள் எல்லாம் ஒரே நொடியில் போய்விடும்.

கடைக்காரர் பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும். புது சைக்கிளில் கேபிள் உறைகள் தம் இடத்தில் படிந்து உட்காரும்போது பிரேக் பிடி கொஞ்சம் தளரும், கியர் கொஞ்சம் பிசகும், ஸ்போக்கின் இறுக்கமும் சற்று மாறும். முதல் சர்வீஸ் இதற்காகத்தான் வைத்திருக்கிறார்கள். இதைக் குறை என்று சண்டை போட்டால், உண்மையான குறையைச் சொல்லும்போது காது கொடுக்க மாட்டார்கள். முதல் சர்வீஸைத் தவறவிட்டால் அதுவே பின்னால் கடைக்குச் சாக்காகவும் ஆகும்.

முதலில் வேறு மெக்கானிக்கிடம் சரிசெய்துவிட்டு, அப்புறம் கடையிடம் கேட்பது

அவசரத்தில் எல்லோருக்கும் தோன்றுவது இதுதான். ஆனால் வேறொருவர் ஸ்பேனர் வைத்துவிட்டால், எந்தக் கை செய்த தவறு என்பதைப் பிரித்துச் சொல்ல முடியாமல் போகும். கை வைப்பதற்கு முன் படம் எடுங்கள். சைக்கிள் முழுவதும் தெரிய ஒன்று, கெட்டுப்போன இடம் பக்கத்தில் ஒன்று, ஃபிரேம் எண் தெரிய ஒன்று. ஆட்டத்தைக் காட்டச் சின்ன வீடியோவும் வேண்டும். கழன்று வந்த பெடலின் மரையில் அலுமினியச் சுருள் ஒட்டியிருந்தால் அதைத் துடைக்காதீர்கள். அந்தப் பெடல் கிராங்க்கின் மரையை அறுத்துக்கொண்டு வந்ததற்கு அதுவே சாட்சி.

வேறு மெக்கானிக்கிடம் போகலாம், கருத்துக் கேட்பதற்கு மட்டும். என்ன பார்த்தார், எதனால் வந்திருக்கும் என்று நினைக்கிறார் என்பதை இரண்டு வரியில் தேதி போட்டு எழுதி வாங்குங்கள்.

கடைக்கே கொண்டுபோகும்போது இதைவிட நுட்பமான ஒரு தவறு நடக்கிறது. "இப்படிக் கொடுங்கள்" என்று உள்ளே வாங்கிப் போய், இறுக்கிவிட்டு, பத்து நிமிடத்தில் சிரித்த முகத்தோடு திருப்பித் தருவார்கள். காகிதத்தில் எதுவும் இருக்காது. அடுத்த மாதம் அதே இடம் மறுபடியும் கழலும்போது, அதுதான் முதல் புகார் என்று ஆகிவிடும். அதனால் என்ன குறையோடு கொண்டுவந்தீர்கள், அவர்கள் என்ன செய்தார்கள் என்பது சர்வீஸ் சீட்டில் வர வேண்டும். "பெடல் டைட் செய்யப்பட்டது" என்று எழுதுவதும், "இடது பெடல் கழன்று விழுந்தது, கிராங்க் மரை சேதம்" என்று எழுதுவதும் ஒன்றல்ல. எழுதித் தர மறுத்தால், வீட்டுக்கு வந்ததும் நடந்ததை நீங்களே எழுதி மின்னஞ்சலிலோ வாட்ஸ்அப்பிலோ கடைக்கு அனுப்பிவிடுங்கள். கழற்றிய பழைய பாகத்தையும் கேட்டு வாங்கி வையுங்கள்.

கம்பெனி வாரண்டியை மட்டும் நம்புவது

வாரண்டி என்பது தயாரிப்பாளர் கொடுக்கும் வாக்குறுதி. அது வழக்கமாக ஃபிரேமிலும் பாகங்களிலும் உள்ள தயாரிப்புக் குறைக்குத்தான் பொருந்தும். மாட்டியதில் வந்த தவறு எங்களைச் சேராது என்று அவர்கள் சொன்னால், பல நேரம் அது சரியான பதிலாகவே இருக்கும். ஆனால் அந்தப் பதிலோடு விஷயம் முடிந்துவிடவில்லை. நீங்கள் பணம் கொடுத்தது கடைக்கு. சட்டம் தரும் உரிமை வாரண்டிக்கு வெளியே தனியாக நிற்கிறது.

இந்தியாவின் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 86ஆம் பிரிவு, பொருளைப் பொருத்துவதிலும் சரிபார்ப்பதிலும் நியாயமான கவனம் எடுக்கத் தவறிய விற்பனையாளர், அதனால் விளைந்த பாதிப்புக்குப் பொறுப்பாவார் என்கிறது. அந்தப் பிரிவு சொல்லும் பாதிப்பில் சைக்கிளுக்கே வந்த சேதம் சேராது. உடல் காயம் போன்றவைதான் சேரும். சைக்கிள் மட்டும் கெட்டிருந்தால் பொருளில் குறைபாடு, சேவையில் குறைபாடு என்ற அடிப்படையில்தான் புகார் போக வேண்டும். பிரிட்டனின் 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டமும், ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019ஆம் ஆண்டு பொருள் விற்பனை வழிகாட்டு ஆணையும், விற்பவர் தன் பொறுப்பில் தவறாகப் பொருத்தினால் அதைப் பொருளின் குறையாகவே கணக்கில் எடுத்துக்கொள்கின்றன.

குறையை யார் நிரூபிப்பது என்பதில்தான் நாட்டுக்கு நாடு வித்தியாசம். பிரிட்டனில், பழுது நீக்கம் அல்லது மாற்றுப் பொருள் கேட்கும்போது, முதல் 6 மாதத்துக்குள் தெரிந்த குறை ஆரம்பத்திலேயே இருந்ததாக எடுத்துக்கொள்வார்கள். இல்லை என்று காட்ட வேண்டியது கடையின் வேலை. ஐரோப்பிய ஒன்றியத்தில் அந்தக் காலம் குறைந்தது 1 ஆண்டு. இந்தியாவில் சேவைக் குறைபாட்டை முதலில் காட்ட வேண்டியவர் பொதுவாகப் புகார் கொடுப்பவரே. படம், சீட்டு, மெக்கானிக் கருத்து என்று இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம். கால வரம்பையும் மறக்க வேண்டாம். இந்தியாவில் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக, பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டு இருக்கிறது. அதற்காகக் காத்திருக்கச் சொல்லவில்லை. குறை தெரிந்த அன்றே கடைக்குச் சொல்வதுதான் உங்கள் பேச்சுக்குப் பலம்.

பெட்டியில் வந்ததைத் தானே மாட்டுவது

ஆன்லைனில் வாங்கி நாமே மாட்டினால், நம் கைத்தவறுக்கு நாமே பொறுப்பு. கூட வந்த விளக்கக் குறிப்பே தவறாகவோ குறைவாகவோ இருந்து அதனால் கெட்டால் கதை வேறு. ஐரோப்பியச் சட்டம் அதையும் விற்பவரின் குறையாகவே பார்க்கிறது. அதனால் குறிப்பைத் தூக்கிப் போடாதீர்கள். பழக்கமில்லை என்றால் மெக்கானிக்கிடம் கொடுத்து, ஃபிட்டிங் கூலிக்குத் தனி பில் வாங்கிக்கொள்வதே நல்லது. வேலை தவறினால் கேட்பதற்கு ஒருவர் இருப்பார்.

குறைவாகக் கேட்பது, அல்லது எடுத்த எடுப்பிலேயே எல்லாவற்றையும் கேட்பது

மரை போன கிராங்க்குக்காக முழு சைக்கிளையும் மாற்று என்று ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே முறியும். மரைக்கு உள்ளே ஒரு செருகல் வைத்துச் சரிசெய்யும் முறை இருக்கிறது, அது உறுதியாகவும் நிற்கும். ஆனாலும் புது சைக்கிளுக்குப் புது கிராங்க் கேட்பதுதான் நியாயம் என்று நினைக்கிறேன். அதோடு நிறுத்தக் கூடாது. பெடலை அரைகுறையாக விட்ட அதே கைதான் பிரேக்கையும் ஹேண்டில்பாரையும் மாட்டியிருக்கிறது. ஆகவே செலவில்லாமல் பாகத்தை மாற்றித் தருவதோடு, சைக்கிள் முழுவதையும் மறுபடி சரிபார்த்து எழுதித் தரச் சொல்லுங்கள். இதைப் பெரும்பாலானவர்கள் கேட்பதே இல்லை. அப்படிச் செய்த பிறகும் அதே குறை திரும்பினால், அல்லது ஃபிரேம், ஃபோர்க் போன்ற உயிருக்கு ஆபத்தான இடத்தில் சேதம் என்றால், மாற்று சைக்கிளோ பணமோ கேட்கத் தயங்க வேண்டாம்.

கேட்பதை எழுத்தில், கோபமில்லாமல், தேதிகளோடு கேளுங்கள்: "இந்தத் தேதியில், இந்த பில் எண்ணில் வாங்கினேன். உங்கள் கடையில் பொருத்தித் தரப்பட்டது. இந்த நாளில் இடது பெடல் கழன்றது, படங்கள் இணைத்துள்ளேன். ஓட்டுவதை அன்றே நிறுத்திவிட்டேன். கிராங்க்கை மாற்றி, முழு சைக்கிளையும் சரிபார்த்து இந்தத் தேதிக்குள் தர வேண்டும்." இவ்வளவு போதும். பதில் இல்லை என்றால் உங்கள் ஊரின் நுகர்வோர் அமைப்புக்கு இதே கடிதத்தை நகலாக வைத்துப் போகலாம். இந்தியாவில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது.

யாராவது விழுந்து அடிபட்டிருந்தால் மட்டும் வேறு வரிசை. சிகிச்சை முதலில். மருத்துவரிடம் எப்படி விழுந்தது என்பதையும் சொல்லிக் குறிப்பில் எழுத வையுங்கள். சைக்கிளைக் கழுவாமல், இறுக்காமல், விழுந்த நிலையிலேயே வையுங்கள். "கொடுத்துவிட்டுப் போங்கள், பார்த்துச் சொல்கிறோம்" என்று கடை கேட்டாலும், ஒரு வழக்கறிஞரிடமோ நுகர்வோர் அமைப்பிடமோ பேசும்வரை சைக்கிளைக் கையை விட்டுக் கொடுக்காதீர்கள். அவர்கள் வந்து பார்க்கட்டும், நீங்கள் பக்கத்தில் இருங்கள்.