பெட்-எம்ஆர்ஐ ஸ்கேனுக்குப் போகும் முன்: வடசென்னைக் குடும்பங்களுக்குச் சில குறிப்புகள்

பெட், எம்ஆர்ஐ இரண்டையும் சேர்த்து எடுக்கும் பெட்-எம்ஆர்ஐ ஸ்கேனை மருத்துவர் எழுதிக் கொடுத்தால், எதைக் கண்டறிய இந்த ஸ்கேன் என்று முதலில் கேளுங்கள். ஊசி வழியாகச் செலுத்தப்படும் கதிரியக்கச் சர்க்கரை எங்கே மிகுதியாகச் சேர்கிறது என்பதைப் பெட் காட்டும்; எம்ஆர்ஐ மென்திசுக்களைத் துல்லியமாகப் பிரித்துக் காட்டும். ஆகவே மூளைக் கட்டி, மருந்துக்கு அடங்காத வலிப்பு, மறதி நோய், கல்லீரலுக்குப் பரவிய புற்று, கருப்பைவாய், மலக்குடல் புற்றுநோய்கள் ஆகியவற்றில் இது நன்கு உதவுகிறது. புராஸ்டேட் புற்றுநோய்க்குச் சர்க்கரைக்குப் பதிலாகப் பெரும்பாலும் அந்தப் புற்றுச் செல்களில் ஒட்டிக்கொள்ளும் பிஎஸ்எம்ஏ வகைக் கதிரியக்க மருந்தைச் செலுத்துவார்கள். சிடி ஸ்கேனின் கதிர்வீச்சு இதில் இல்லாததால் குழந்தைகளுக்கு இது ஏற்றது. நுரையீரலின் சிறு முடிச்சுகளுக்கோ பெட்-சிடியே மேல். செலவு கூடியது என்பதால் எல்லா நோய்க்கும் இதுவே சிறந்தது என்று எண்ண வேண்டாம்.

கதிரியக்கச் சர்க்கரை ஊசி என்றால் அதற்கு முன் நான்கு முதல் ஆறு மணி நேரம் தண்ணீர் தவிர எதையும் உட்கொள்ளக் கூடாது. 'வெறும் டீதானே' என்பதும் கூடாது. முந்தைய இரவு அத்தோ நூடுல்ஸ், பரோட்டா போன்ற மாவுப் பண்டங்களைத் தவிர்த்து, முட்டை, மீன், கீரை என எளிமையாக முடித்துக்கொள்ளலாம். துறைமுகத்தில் மூட்டை தூக்குவோர் முந்தைய நாள் விடுப்பு எடுப்பது நல்லது, ஏனெனில் உழைத்த தசைகளும் அந்தச் சர்க்கரையை இழுத்துக்கொண்டு படத்தைக் குழப்பும். நீரிழிவு உள்ளவர்கள் மாத்திரை, இன்சுலின் குறித்து முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

இனி உலோகம். மற்றெல்லாவற்றையும் விட இதில்தான் கவனம் தேவை. திருவொற்றியூர், எண்ணூர், மணலிப் பட்டறைகளில் லேத், கிரைண்டிங், வெல்டிங் வேலை செய்தவர்களின் கண்ணில் எப்போதோ தெறித்த இரும்புத் துகள் உள்ளேயே தங்கியிருக்கலாம். எம்ஆர்ஐயின் வலுவான காந்தப்புலத்தில் அது நகர்ந்து பார்வையைப் பாதிக்கக்கூடும். படிவத்தில் கேள்வி இல்லாவிட்டாலும் இதைச் சொல்லிவிடுங்கள்; தேவையானால் முதலில் கண் எக்ஸ்ரே எடுப்பார்கள். பேஸ்மேக்கர், காது கேட்கப் பொருத்தும் காக்ளியர் கருவி, மூளை ரத்தநாளக் கிளிப் இருந்தால் அவற்றின் விவர அட்டையை எடுத்துச் செல்லுங்கள். மெட்டி, அரைஞாண், தாயத்து, தாலிச் சங்கிலி எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றி வையுங்கள். தாலியைக் கழற்ற மனம் வராத பெண்கள் வெறும் மஞ்சள் கயிற்றுடன் செல்லலாம்.

ஊசி போட்ட பின் ஏறக்குறைய ஒரு மணி நேரம் பேசாமல், கைபேசி பார்க்காமல் ஓய்வெடுக்கச் சொல்வார்கள். குறுகிய குழாய்க்குள் படுக்கப் பயப்படுவோர் முன்னரே தெரிவித்தால் மயக்க மருந்துக்கு ஏற்பாடு செய்வார்கள். பழைய ஸ்கேன் குறுந்தகடுகளை மறவாமல் எடுத்துச் செல்லுங்கள். அந்தச் சர்க்கரையில் உள்ள புளோரின்-18 என்ற கதிரியக்கப் பொருள் ஏறத்தாழ 110 நிமிடத்தில் பாதியாகக் குறையும். எனவே அன்று நிறையத் தண்ணீர் குடித்து, கர்ப்பிணிகளையும் கைக்குழந்தைகளையும் சில மணி நேரம் நெருங்காமல் இருங்கள்.